இழு, விடு

க்ரைமியாக் கணவாய் ஏறும்போது
வைப்பர் நின்றது,
இரண்டு கைகளையும் பாதி தூக்கியபடி,
சொல்ல வந்ததை மறந்தவன்போல.
மழை மறக்கவில்லை.
பிளைநாவ் பக்கத்து மழைக்கு மறதி கிடையாது.

இத்தெலும் நானும் பேசி ஒன்பது நாள்.
காரணம், கற்பலகைக் கூரைக்கு வந்த பில்.
அதற்குக் கீழே இன்னொன்று.
அதற்கும் கீழே தோண்டினால் ஈரம்தான்.

அவன் குனிந்து பூட்ஸ் கயிறுகளை உருவினான்.
வெளியே போய், வைப்பர்க் கைகளைப்
பல்லிலிருந்து சற்றே தளர்த்தி,
நாயின் தோல்வாரால் இரண்டையும் பிணைத்து,
ஒரு கயிற்றை என் ஜன்னல் வழியாக நீட்டினான்.
மற்றது அவன் ஜன்னலில்.

இழு. விடு.
இழு.
விடு.
ஏழு மைல். மடியெல்லாம் மழை.
ஒன்பது நாளில் நாங்கள் பேசியது
அந்த இரண்டு சொல்தான்,
அதையும் கண்ணாடியைப் பார்த்தே பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை நானே முன்மூடியைத் தூக்கினேன்.
ஹெரால்டுக்கு முகமே கழன்று நிமிரும்.
பேட்டரி வயர் முதலில்.
பிறகு குழாயின் நட்டு. பிறகு மூன்று போல்ட்,
மூன்றாவது, எந்த வண்டியிலும் மூன்றாவதுதான்,
விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.
இழுத்தேன்.
குழாய்க்குள்ளிருந்து முறுக்குக் கம்பி
வந்தது வந்தது வந்துகொண்டே இருந்தது,
மையில் புரண்ட சாரை.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துத் திறந்தேன்.
அறுபத்தைந்தில் யாரோ அப்பிய க்ரீஸ்
பதம் தப்பிய பாகாய் இறுகிப்
பல்சக்கரத்தைக் கவ்வியிருந்தது.
கரித்துண்டுகள் இரண்டு.
ஒன்று தேய்ந்து நகக்கண் அளவு.
மற்றது அன்று வாங்கியதுபோல் முழுசாக.
ஒரே உருளை, ஒரே சுற்று,
ஒன்று மட்டும் ஏன் இப்படித் தேய வேண்டும்?
தேய்ந்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
எனக்குத் தெரிந்த பதிலோடு உட்கார்ந்திருந்தேன்.
கெட்டில் கத்தியது.

அப்புறம்தான் பார்த்தேன், பழுது அதில் இல்லை.
தேய்ந்தது கடைசிவரை செப்பைத் தொட்டிருக்கிறது.
முழுசாய் இருந்ததுதான்
தன் கூட்டுக்குள் அழுக்கோடு சிக்கி,
தொட்டும் தொடாமலும்,
பொறி விட்டுப் பொறி விட்டு,
அந்தக் கணவாயில் தொடவே இல்லை.
இதில் நான் எது என்பதை
அன்றைக்கு முடிவு செய்யவில்லை.

செப்புத் தகடுகளின் இடுக்கில் ஊசி விட்டேன்.
பெட்ரோலில் பழந்துணி நனைத்துத் துடைக்கத் துடைக்கத்
துணிதான் வண்டியானது.
அச்சின் முனையில் இருந்த மிளகளவு எஃகு மணி
துள்ளித் தரையில் விழுந்து ஓடியது.
வாசலில் நின்ற இத்தெல்
ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டான்.
அடுப்புக்கடியில் டார்ச், அரை மணி நேரம்,
அவன் முதுகு மட்டும் தெரிந்தது.
எடுத்து வந்து
சாஸரில் வைத்தான். டிங்.
போய்விட்டான்.

புதிய கரி, புதிய க்ரீஸ். மாட்டியாயிற்று.
ஓடுகிறது! ஆனால் அணைத்தால்
கைகள் படுக்கவில்லை,
கண்ணாடியின் நட்டநடுவில் நிற்கின்றன.
மோட்டாரின் குவிமூடியைத் திருப்ப வேண்டும், மயிரிழை மயிரிழையாக.
திருப்புகிறவருக்குக் கண்ணாடி தெரியாது.
கண்ணாடியைப் பார்க்கிறவருக்கு மூடி எட்டாது.
இந்த வண்டியைச் செய்தவர்களை அப்போது திட்டினேன்.

கூப்பிட்டேன்.
அவன் மூடிப் பக்கம், நான் ஸ்டியரிங்கில்.
மூன்று நாளாய் மழையே இல்லை, பிளைநாவில்!
கெட்டில் நீரைக் கண்ணாடியில் ஊற்றினான்.
இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
அவ்வளவு வேண்டாம், திரும்பி வா.
நில்.
படுத்துக்கொண்டன.
"படுத்துவிட்டதா?" என்று கேட்டான்.
"ம்."

அவன் பூட்ஸ் இன்னும் வாயைப் பிளந்தபடி நடக்கிறது.
கயிறுகள் டாஷ்போர்டு அறைக்குள், என்னிடம்தான்.
கேட்டால் கொடுப்பேன்.
கேட்கட்டும்.